கடலில் தேடப்பட்ட எங்கள் அண்ணா

அண்ணாவைப் பற்றி "இருந்தார்" என்று எழுத என் கை இன்னும் பழகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். உங்கள் படகு என்ஜினை அண்மையில் திருத்தித் தந்தவரின் படத்துக்கு இன்று மாலை போட்டிருக்கிறோம்.

அண்ணா சல்லியில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் அவருடைய ஒரே தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா அண்ணாவை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் கடலில் இறங்குவதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

அதை அவர் காத்த விதத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. படகு என்ஜின் திருத்தும் தொழிலைப் பழகினார். ஆனால் படகில் ஏறமாட்டார். தண்ணீர் நிரப்பிய பீப்பாவில் வைத்துத்தான் என்ஜினை ஓட்டிப் பார்ப்பார். கோபம் வந்தால் ஸ்பானரை எறிவார், பிறகு தானே போய்த் தேடுவார். குடாவுக்கு அக்கரையிலிருக்கும் மூதூருக்கு லோஞ்சுப் படகில் போகாமல் கிண்ணியா வழியாகத் தரையால் சுற்றித்தான் போவார். மூதூரில் அவருடைய உயிர்நண்பரான, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணனின் கலியாணத்துக்கும் அப்படிப் போய், சாப்பாடு முடிந்தபின்தான் சேர்ந்தார். என்னைப் படிப்பித்துக் கலியாணம் செய்துவைத்த பிறகே தனக்குப் பெண் பார்க்க விட்டார்.

நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருந்த முதலாளி மலைநாட்டில் ஒரு பங்களா வாங்கியிருந்தார். அங்கே ஜெனரேட்டர் ஓடவில்லையென்று, தான் வாடகைக்கு எடுத்த சிறிய விமானத்தில் அண்ணாவையும் வரச்சொன்னார். அண்ணா அம்மாவிடம் வந்தார்.

"இது கடல் இல்லைத்தானே அம்மா? போகட்டோ?"

"வானத்தில போறதுக்கு என்னட்ட என்ன கேள்வி? போயிட்டு வா ராசா," என்று அம்மா சிரித்தார்.

மத்தியானம் அண்ணிக்குத் தொலைபேசி வந்தது. "பிளேனைக் காணேல்லையாம்," என்றார். எங்கள் கரையில் ஒருவரைக் காணவில்லை என்றால் எங்கே என்று எவரும் கேட்பதில்லை, படகைத் தள்ளுவார்கள். அன்றும் அப்படியே தள்ளினார்கள். விமானம் கிளம்பிக் கடலுக்கு மேலே வளைந்ததைப் பலர் பார்த்துமிருந்தார்கள். சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் படகுகள் எல்லாம் இறங்கின. மூதூரிலிருந்து நானா படகுகளோடு வந்தார். அண்ணா திருத்திய என்ஜின்கள்தான் அவரைத் தேடி ஓடின.

அம்மா மட்டும் கரையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்: "அவங்களைத் திரும்பிவரச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை கடலில இல்லை. எனக்குத் தந்த சத்தியத்தை அவன் மீறமாட்டான்."

பிதற்றுகிறார் என்று நினைத்து அவரைக் கதிரையில் இருத்தினோம். பொழுது சாயுமுன் செய்தி வந்தது. முகில் மூடிய மலைச்சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே விமானம் மோதிக் கிடந்தது. முதலாளி, விமானி, அண்ணா, மூவருமே உயிரோடு இல்லை.

அம்மா சொன்னது சரியாகிவிட்டது. அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் எவரும் மலைக்குப் பயந்ததில்லை. பயப்பட வேண்டும் என்றே தெரியாது.

"நான் கடலை மட்டும்தானே மறிச்சனான்," என்றார் அம்மா.

மழைக்குள் வழுக்கும் சரிவில் ஏறி, முன்பின் அறியாத எங்கள் அண்ணாவைக் கம்பளியில் சுற்றித் தோளில் சுமந்து இறக்கிய தோட்டத்து மக்களை நாங்கள் கும்பிடுகிறோம். அவர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அண்ணா இல்லாத கடலில் அவரைத் தேடிய ஒவ்வொருவருக்கும், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்க்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடலில் சாம்பல் கரைக்க எங்களில் ஆண்கள்தான் போவார்கள். அம்மா தானும் வருவதாகச் சொன்னபோது அவரையும் கூட்டிப்போனார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்று, சாம்பல் முட்டியைக் கையில் வாங்கி, நெடுநேரம் விடாமல் வைத்திருந்தார். நானா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சத்தியத்தைக் காப்பாத்திப்போட்டாய் ராசா," என்றார் அம்மா. "இனி அம்மா மறிக்கமாட்டன். இறங்கு."

தங்கை
சல்லி