பந்தியில் தேடியவள்

எங்கள் மலையில் பண்ணைக்காட்டுப் பொன்னுத்தாய் அளவுக்குப் புண்ணியத்தலம் சுற்றியவர்கள் யாரும் கிடையாது. பழனி, ராமேஸ்வரம், பண்டரிபுரம், காசி, நாகூர் தர்கா, நாந்தேட் குருத்வாரா என்று வருஷக்கணக்கில் சுற்றினாள். ஓரிடத்திலும் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் தரிசன வரிசை எங்கே என்று கேட்பார்கள். இவள் சோறு எங்கே போடுகிறார்கள் என்று கேட்பாள். “சோத்துக்கு அலையுறவ” என்று என் பஸ்ஸில் வந்த பெரிய மனுஷிகள் இரண்டு பேர் அவள் காதுபடவே சொன்னார்கள். அந்த இரண்டு பேரையும் அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் ஏற்றியதில்லை.

நான் இராமலிங்கம். இருபது வருஷத்துக்கு மேலாக யாத்திரை பஸ் நடத்துகிறேன். கூடவே சமையல் மாஸ்டரும் அடுப்பும் பாத்திரமும் வரும். நிற்கிற இடத்தில் நம் ஊர்ச் சாப்பாடு. புண்ணியம் தேடிக் கிளம்பியவர்கள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பக்திமான்கள் மேல் இருந்த மரியாதை தேய்ந்துவிட்டது. 2017இல் ஒரு நாள் பொன்னுத்தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, இதுவும் ஓசியில் காசி பார்க்க வந்த கேஸ் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணே, பஸ்ஸுல சமையலுக்கு ஆள் வேணும்னீங்களாம். காய் நறுக்குறேன், பாத்திரம் கழுவுறேன். எந்த ஊருல நின்னாலும் அங்க சோறு போடுற நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்னைய விட்டுறணும். அது போதும்.”

“எதுக்குத்தா?”

“எம்மவனத் தேடணும்ணே.”

அவள் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில். பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, கடைசியில் பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். இன்றைக்கும் தன் ஓட்டு வீட்டை, அங்கே தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டைச் சொல்வது போல, லயம் என்றுதான் சொல்வாள். புருஷன் வேலுச்சாமி மிளகு பறிக்கிற ஆள். இந்தப் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறி உச்சிக்குப் போயிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2015 மாசியில் வேலுச்சாமி ஏறியபோது பிடித்திருந்தவன் மகன் பழனிக்குமார். பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை.

ஏணி வழுக்கியது என்றார்கள், மூங்கில் முறிந்தது என்றார்கள், பையன் பராக்குப் பார்த்தான் என்றும் சொன்னார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, ஆளுக்கொரு வாய். வேலுச்சாமி பாறையில் விழுந்து அங்கேயே போய்விட்டார். பையன் ஏணியை விடவில்லை. நாலு பேர் சேர்ந்து அவன் விரல்களைப் பிரித்துத்தான் ஏணியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் தூங்கவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். பாதியைத் தின்றான், பாதியைத் துப்பினான். மறுவருஷம் பங்குனி உத்திரத்துக்கு மலைப்பாதை வழியாகக் காவடிக்காரர்கள் பழனிக்கு நடந்து போனார்கள். அவர்களோடு சேர்ந்து நடந்தவன்தான், திரும்பவில்லை.

ஸ்டேஷனில் புகார் எழுதிய ஏட்டையா ஒருவர் நல்லவர். “இந்த மாதிரிப் பயலுக வேற எங்கயும் போக மாட்டாய்ங்கம்மா. ஓசிச் சோறு எங்க கெடைக்குதோ அங்கதான் கெடப்பாய்ங்க. கோயிலு, தர்கா, இப்படிப் பாரு” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் வாராவாரம் பழனிக்கு இறங்கி மலைமேல் அன்னதானக் கூடத்து வாசலில் நின்று பார்த்தாள். அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

தேடுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். அதைப் பெரட்டு என்று சொல்வாள். தோட்டத்தில் காலையில் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பதற்கு அந்தப் பேர். பந்தி உட்கார்ந்ததும் ஒரு ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவாள். முகம் மாறியிருக்கலாம் என்று கையையும் பார்ப்பாள். பழனிக்குமாருக்கு வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. எட்டு வயதில் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் பட்டுப் போனது. பரிமாறுகிறவர்கள் சில இடத்தில் விரட்டுவார்கள். பிச்சைக்காரி என்று நினைத்து இலையைப் போட்டு உட்கார வைத்தவர்களும் உண்டு. கைப்பையில் மகன் படத்தைக் கத்தை கத்தையாக ஜெராக்ஸ் போட்டு, கீழே என் போன் நம்பரை எழுதி வைத்திருந்தாள். பூக்காரர், ஊதுபத்திக்காரர், செருப்புக் காவல்காரர் என்று எல்லோருக்கும் கொடுப்பாள்.

கொரோனா வந்து கோயில்களை அடைத்தார்கள். பஸ் நின்றது. அப்போதுதான் அவள் என் வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுததைப் பார்த்தேன். “எல்லாத்தையும் பூட்டிட்டாய்ங்களேண்ணே, எம்புள்ள எங்க போயித் திங்கும்?” என்றாள். ஊரே நோய்க்குப் பயந்து கிடந்தபோது அவளுக்கு இருந்த பயம் அது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன்.

2023 தையில் மகாராஷ்டிரப் பக்கம் ஜோதிர்லிங்க யாத்திரை. அந்த வழியில் நாந்தேட் இருக்கிறது. சீக்கியர்களுக்குப் பெரிய தலம். குளிக்க, தங்க வசதியான இடம் என்று பஸ்ஸை அங்கே நிறுத்துவேன். லங்கர் என்று சொல்லும் அவர்களுடைய அன்னதானக் கூடத்தில் நாள் முழுக்கப் பந்தி ஓயாது. அதற்கு முன்னால் இரண்டு முறை அவள் அங்கே தேடியிருக்கிறாள். ஆனால் அங்கே எல்லோர் தலையிலும் துணி, பாதிப் பேருக்குத் தாடி. உள்ளே நின்று வேடிக்கை பார்க்கவும் விட மாட்டார்கள், உட்கார்ந்து சாப்பிடச் சொல்வார்கள். இந்த முறை நானும் டிரைவர் ஹரிகிருஷ்ணனும் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். ரொட்டிக் கூடையோடு ஒருவன் குனிந்தபடி வந்தான். அங்கே ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். ஏந்தினாள். கொடுத்த கையில் கட்டைவிரல் நகம் இல்லை.

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ரொட்டி தரையில் விழுந்தது. தாடி மார்பு வரை இருந்தது, தலையில் காவித்துணி. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“ரொட்டி விழுந்துருச்சும்மா” என்றான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு மகன் பேசிய முதல் பேச்சு. அவள் அழவில்லை. கையை மட்டும் விடவே இல்லை.

சமையலறையைப் பார்த்துக்கொள்கிற வயதான சர்தார் ஒருவர் வந்தார். ஹரிகிருஷ்ணனுக்கு இந்தி வரும். அவர் சொல்லச் சொல்ல எங்களுக்குச் சொன்னான்: “வந்த புதுசுல ஆறு மாசம் வாயே தொறக்கலயாம். தட்டுக் கழுவுறது, ரொட்டி குடுக்குறதுன்னு சோலியக் குடுத்த பெறகுதான் தூங்கவே ஆரம்பிச்சாராம். இப்பக் கொறையில்லையாம். இங்கயே இருக்கட்டும், வருஷா வருஷம் வந்து பாத்துக்கங்கன்றாரு.”

பொன்னுத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “பெத்தவ உசுரோட இருக்கயில எவனெவனோ தின்ன தட்டக் கழுவிக்கிட்டுக் கெடக்கணுமா? வெரசா பஸ்ஸுல ஏத்துத்தா.”

பெரிய நியாயஸ்தன் மாதிரிச் சொன்னேன். அவள் மகனைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள், வந்தான். பஸ் படியில் ஏறும்போது, “நாளைக்கு ரொட்டி யாரு குடுப்பா?” என்று கேட்டான்.

மாசியில் வந்து சேர்ந்தோம். மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இது எனக்கோ அவளுக்கோ முன்னமே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. வாசலில் நின்று பார்த்தால் மரத்துக்கு மரம் ஏணி. அவன் இரண்டு நாள் வெளியே வந்தான், மூன்றாவது நாள் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டில் இருந்தவை நாலு பாத்திரம். அவற்றையே காலையிலிருந்து கழுவினான், கவிழ்த்தான், மறுபடி எடுத்துக் கழுவினான். ஊர்க்காரர்கள் வரிசைகட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பனைத் தள்ளிவிட்டவன் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிய புண்ணியவான்களும் இருந்தார்கள்.

அவள் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. விட்டுவிட்டுப் போனால் அவன் போய்விடுவானோ என்ற பயம். “என்ன செய்யட்டும்ணே?” என்று கேட்டாள். வெளியே பூட்டிவிட்டுப் போ என்றேன். வீட்டில் சும்மா கிடந்த பெரிய பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஆயிரம் பேருக்குச் சோறு கொடுத்த கையை நாலு சுவருக்குள் வைத்துப் பூட்டினோம். அவள் வெள்ளனே பூட்டிவிட்டுப் போய்ச் சாயங்காலம் திறந்தாள். உள்ளேயிருந்து அவன் ஒரு நாளும் கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்கும்.

நாற்பத்தொன்றாம் நாள் அவள் வந்து திறந்தபோது கூரை ஓடு பிரித்துக் கிடந்தது. கீழே நாலு பாத்திரமும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன.

மறுபடி பஸ் ஏறினாள். அடுத்த தையில் நாந்தேட் போனபோது அதே சர்தார் இருந்தார். வந்தானாம். ஒரு வாரம் இருந்து வேலை செய்தானாம். மெட்ராஸ் பஸ், அதாவது எங்கள் பஸ், எந்த மாதம் வரும் என்று கேட்டானாம். தையில் வரும் என்று சொன்னதும் மறுநாள் காணோமாம். ஹரிகிருஷ்ணன் இதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். நாங்கள் தேடி வருவோம் என்றுதான் போயிருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் புரியாதவள் மாதிரி, “அப்ப வேற பக்கம் பாப்பம்ணே” என்றாள்.

2024 ஆடியில் நாகூரிலிருந்து ஊதுபத்திக்காரர் ஒருவர் போன் செய்தார். தர்காவில் படத்தில் இருக்கிற பையன் மாதிரி ஒருவன் இருக்கிறான் என்றார். என் காரிலேயே கூட்டிப்போனேன். வியாழக்கிழமை மத்தியானம். வேண்டுதல்காரர் ஒருவர் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் முக்காடு போட்ட பெண்கள், திருநீறு பூசியவர்கள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர்கள் என்று வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பழக்கப்படி ஓரத்திலிருந்து தொடங்கினாள். நான் பின்னாலேயே போனேன். கடைசிக்கு முன்னால் அவன் இருந்தான். தாடியை எடுத்திருந்தான். விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. பல நாள் பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற வேகம்.

எங்களுக்கும் அவனுக்கும் நடுவே பத்துப் பேர் இருப்பார்கள். நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான். எழுந்தான். கையைக்கூடக் கழுவாமல், ஓடவும் இல்லாமல், வேலைக்கு நேரமானவன் போலப் பக்கவாசல் வழியாக நடந்து போனான். “குமாரு” என்று ஒரே தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. நான் பின்னால் ஓடினேன். வெளியே கடைத்தெருக் கூட்டம், எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவள் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

“பசியோட எந்திரிச்சுப் போயிட்டான்ணே” என்றாள். “என்னையப் பாத்து.”

அடுத்த யாத்திரைக்குக் கூப்பிட்டபோது வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் பழனியிலிருந்து போன் வந்தது. எங்களுக்கு ரொம்பப் பழக்கமான பூக்காரர். “அண்ணே, அந்தப் பையன் மலைமேல அன்னதானத்துல உக்காந்துருக்கான். நல்லாப் பாத்துட்டேன், கட்டைவிரல்ல நகம் இல்ல. நான் இங்கனயே நிக்கிறேன், ஒடனே கெளம்பி வாங்க” என்றார். பழனி எங்களுக்கு எட்டாத தூரமில்லை. போனை அணைக்காமலே ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பொன்னுத்தாய் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கை நின்றது.

“சாப்பிடுறானான்னு கேளுங்கண்ணே.”

கேட்டேன். “ரெண்டாந்தரம் சோறு வாங்கிட்டானாம்” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்லாத் திங்கட்டும். அப்ப நாம போக வேணாம்ணே” என்றாள்.

“என்னத்தா சொல்ற? எட்டு வருஷமாத் தேடிட்டு…”

“நான் போயி நின்னா எந்திரிச்சுருவான். பழனியும் இல்லன்னு ஆயிரும். அப்புறம் அவனுக்கு எந்த எடம்ணே மிச்சம் இருக்கு?” சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பழத்தைப் பார்க்காமலே பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

போனில் பூக்காரர், “கெளம்பிட்டீகளா, வாரீகளா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.