கோப்பெங்கில் கடைசி நிமிடம்

கோப்பெங் சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சியில் அமெரிக்கக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். அங்கே இரவு, நமக்குக் காலைப் பசியாறும் நேரம். செம்பனைக் குலை ஏற்றிய லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்த ஓட்டுநர், என் எதிரில் அமர்ந்து ரொட்டி சானாயைப் பிய்க்கிறார்.

"பாயிண்ட் போடுறவனுக்குத்தான் விருது குடுப்பாங்கண்ணே. தடுக்கிறவன யாரு பார்க்கிறா? எங்க டீம் நெட்டையன எவனுக்குத் தெரியும்?"

"பாயிண்ட் போடாம எப்படி ஜெயிக்கிறது?" என்கிறேன். முறைக்கிறார்.

கடைசி நிமிடம். அவருடைய அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. சட்டென்று எழுந்து வெளியே போய், திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

"அவரு பார்த்தா தோத்துருமாம்லா," என்கிறார் கடைக்கார அக்கா.

எதிரணியின் கடைசி எறிதலை அந்த நெட்டையன் எகிறித் தட்டிவிடுகிறான். கடையே கத்துகிறது. ஓடிப்போய், ஜெயித்துவிட்டதை அவரிடம் சொல்கிறேன்.

அந்தத் தடுப்பை மறுபடி காட்டுவார்கள் என்று அவர் திரைமுன் வந்து காத்திருக்கிறார். விருது பாயிண்ட் போட்டவனுக்கே போகிறது. அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். குலை எண்ணெய் ஆலைக்குப் போயாக வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்.

"எப்படித் தடுத்தான், சொல்லுங்கண்ணே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு, கையைத் தூக்கி ஒரு எகிறு எகிறுகிறேன்.