யாக்கின் வாயிலிருந்து ஒரு கவளம்

மலைச் சடைமாடான யாக் இரை மீட்டுகிற நேரம் பார்த்து அதன் வாயோரம் இரண்டு விரலை நுழைப்பாள் சோரோல். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் ஒன்று உண்டு. அது தெரியாதவன் விரலோடு திரும்ப மாட்டான். தொண்டையிலிருந்து மேலேறிய பச்சை உருண்டையைப் பிடுங்கி, ஆவி பறக்கக் கொண்டுபோய், தீனி மறந்து நிற்கிற மாட்டின் நாக்கடியில் வைத்துத் தாடையை மூடிப் பிடிப்பாள்.

"முழுங்குடி மூதேவி. ஊரான் சோறுன்னு மூஞ்சியத் திருப்பாத."

சாங்தாங் பனிமேட்டு மேய்ப்பர் கூடாரங்களில் யார் கீழேயிருந்து மாடு ஓட்டி வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அவளைத் தேடி வந்துவிடுவார்கள். பள்ளத்தாக்கில் பசும்புல் தின்று வளர்ந்த வயிற்றுக்கு இங்குள்ள காய்ந்த கோரை செரிக்காது. மூன்று நாள், மூன்று கவளம். நாலாம் நாள் சாணியை உடைத்து முகர்ந்து, "வேலைய ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள். யார் என்று கேட்டால் முறைப்பாள். கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவாமல் தேநீர்க் கிண்ணத்தைத் தொட மாட்டாள். அந்தச் சுத்தத்தை அவள் கூடாரத்தில் வேறு எதிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

லே நகரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஒருமுறை அந்தக் கவளத்தைச் சீசாவில் அடைத்துக்கொண்டார்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு அம்மா. காஞ்ச புல்லைத் தீனியாக்குறது அதுங்கதான்."

"கோடியா? உக்காந்து எண்ணுன புண்ணியவான் யாரு?"

சிரித்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த உயரத்துக் குறைந்த காற்றைத் தாங்குகிற யாக்கின் மூச்சும் இதயமும் வேறு. அது தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் இறங்கி வருவது, கவளத்தில் வராது. அதற்குச் சோரோல் கேலி பேசவில்லை. அவளுக்கே தெரிந்த விஷயம்தான்.

போன வசந்தத்தில் அவள் மகன் கீழே ஷாம் பள்ளத்தாக்கில் பெண் எடுத்தான். மருமகள் லாசேஸ் தாய்வீட்டுச் செவலைப் பசுவோடு மலையேறி வந்தாள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர நாலு இடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். பசுவும் அவளைப் போலவே இளைத்தது.

"பாரேன், பனிக்கு முன்னாடி ரெண்டு விருந்தாளியும் ஊர் போய்ச் சேந்துரும்" என்றான் பக்கத்துக் கூடாரத்துத் தோந்தூப்.

சோரோல் மூன்று கவளம் கொடுத்தாள். பசு மேயத் தொடங்கிய அன்றுதான் லாசேஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து மருமகளின் தேநீர்க் கிண்ணத்தில் வெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே மிதந்தது.

ஆனால் புல் பழுத்த மாதத்தில் பசுவின் கழுத்தடியில் தொங்கும் அலைதாடி வீங்கியது. தீனி குறைந்ததால் வந்த வீக்கம் என்று சோரோல் மறுபடி கவளம் கொடுத்தாள். ஒரு நாள் அல்ல, ஐந்து நாள். கைராசிக்காரி என்று ஊர் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்ட தலைக்கனம், வேறென்ன? ஆறாம் நாள் வீக்கத்தில் விரலை அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. நெஞ்சடி முழுக்க நீர் கோத்திருந்தது.

"இனி என் கையில இல்ல லாசேஸ். வயித்தைக் கடன் கொடுக்கலாம், ரத்தத்தைக் கொடுக்க முடியாது. இந்த உசரத்துக்குப் பொறந்த மாடு இல்ல இது. நாளைக்கே கீழ இறக்கணும். இல்லேன்னா செத்துரும்."

லாசேஸ் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"நானும் அங்க பொறந்தவதானே அத்தை."

தான் சொன்னதை நினைத்துச் சோரோலுக்கு வெட்கமாக இருந்தது. சாணம் பொறுக்கப் போவதாகச் சொல்லி நடந்துவிட்டாள். கூடை கூடாரத்திலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் பாதையோரம் லாரி வந்தது. மகன் ஆடுகளோடு தூர மேய்ச்சலில் இருந்தான். தோந்தூப்பும் ஓட்டுநரும் பசுவை முட்டுக்கொடுத்து ஏற்றினார்கள். பத்தடி ஏறுவதற்குள் அது மூன்று முறை நின்றது. பசுவோடு போய்வர லாசேஸுக்கு ஒரு சால்வை போதும். அவளோ கல்யாணப் பெட்டி, செம்புப் பானை, கயிறு போட்டுக் கட்டிய படுக்கை என்று வந்தபோது கொண்டுவந்த அத்தனையையும் ஏற்றியிருந்தாள். அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

"அவங்க ஊரு மூச்சு அவங்களுக்கு" என்று தோந்தூப் முணுமுணுத்தான். கேலியாக இல்லை, வருத்தமாகத்தான்.

ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பினார். சோரோல் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பசுவின் நெற்றியை ஒருமுறை தொட்டாள். பிறகு லாசேஸின் படுக்கையை இழுத்து இறக்கி, முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூடாரத்தை நோக்கி நடந்தாள்.