நீலச் சட்டை போட்ட வெள்ளை வெளிச்சம்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் வந்தது. மேரியின் கணவன் தாஸ். "அண்ணாச்சி, மேரி பூட்டா" என்றான். கன்டெய்னர் யார்டில் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். அவனே அடுத்த மூச்சில் கேட்டான்: "தொட்டி லைட்ட எப்ப அணைக்கணும் அண்ணாச்சி? காலைல அவ போட்டுட்டுப் போனது. எனக்கு அத்தப் பத்தி ஒன்னியும் தெரியாது." பெண்டாட்டி செத்த அன்று விளக்கைப் பற்றிக் கேட்கிறானே என்று தோன்றும். ராயபுரத்தில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டுக்கு ஒரு தடவை போனவர்களுக்குத் தோன்றாது.

சகாயமேரியை உங்களில் பாதிப் பேருக்கு கன்டெய்னர் யார்டில் எண் சரிபார்க்கிற பெண்ணாகத் தெரியும். மீதிப் பேருக்கு வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல் பவளம் வளர்த்தவளாகத் தெரியும். நான் வண்ணாரப்பேட்டையில் விளக்குக் கடை வைத்திருப்பவன். நாளை அவளுடைய முப்பதாம் நாள். பூசைக்கு வருகிறவர்களிடம் என் வாயால் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதன்முதலில் அவள் கடைக்கு வந்தது யார்டில் போடுகிற பச்சைப் பாதுகாப்பு ஜாக்கெட்டோடு. "அண்ணாச்சி, ஆக்டினிக் டியூப் கீதா?" என்றாள். என்ன அது என்றேன். பவளத்துக்குப் போடுகிற நீல வெளிச்சம் என்றாள். நீலம்தானே என்று, கோயில் கொடைக்கு வாடகைக்கு விடுகிற நீல டியூபை எடுத்து மாட்டிவிட்டேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி அதன் கீழே பிடித்தாள். அந்தப் பச்சைத் துணி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "இது நீலம் இல்ல அண்ணாச்சி. நீல சட்ட போட்டுகினு கீற வெள்ள" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக விளக்கு விற்கிறவனுக்கு வெளிச்சம் சொல்லித் தர வந்துவிட்டாயோ என்று கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். மறுவாரம் எங்கிருந்தோ ஒரு நிஜ ஆக்டினிக் டியூபைக் கொண்டுவந்து என் கடையிலேயே மாட்டிக் காட்டினாள். வெளிச்சம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, மங்கல் ஊதா. ஆனால் ஜாக்கெட் பற்றி எரிகிற மாதிரி பச்சையாக நின்றது. கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் அசடு வழிந்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி.

தொட்டியைப் பார்க்க ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். கல் பவளம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், அவள் அதைத் தொடமாட்டாள். அவளிடம் இருந்தவை பாறையில் ஒட்டி வளர்கிற மெத்தென்ற பொத்தான் பவளங்கள். வெள்ளை விளக்கில் பார்த்தால் அழுக்குப் பழுப்பு. இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன். ஆறரைக்கு வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் விட்டாள். அத்தனை பொத்தானும் பச்சையாக ஒளிர்ந்தன, நடுவில் ஒரு செம்புள்ளியோடு. நான் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். ஆழத்துக்குப் போகப் போகக் கடல் மற்ற நிறங்களை விழுங்கிவிடும், நீலம்தான் கடைசிவரை இறங்கும், அதைத் தின்று பழகியவை இவை என்றாள். "வெள்ள நமக்குப் பாக்க. நீலந்தான் அதுங்களுக்குச் சோறு." தினமும் காலையில் நீலத்தை முதலில் போடுவாள், அப்புறம் வெள்ளை. சாயங்காலம் வெள்ளையை முதலில் அணைப்பாள். டைமர் வாங்கிப் போடேன் என்றால், "அப்பால நான் இன்னாத்துக்கு?" என்பாள்.

தெருமுனையில் கடல். அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூட அவள் தொட்டியில் ஊற்றியதில்லை. பாக்கெட் உப்பை நல்ல தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவாள். "சாம்பலும் எண்ணெயும் குடிச்சிகினு கீது நம்ம கடலு. அதுங்கள எப்டி அதுல வுடறது?" என்று ஒரு தடவை சொன்னாள்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். ஆக்டினிக் டியூபுக்கு ஆயுள் குறைவு. ஒரு வருஷத்துக்குள் அதன் சத்து போய்விடும், ஆனால் எரிந்துகொண்டேதான் இருக்கும். மேரி டியூபின் முனையில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதிவைப்பாள். "நம்ம கண்ணுக்கு எரியும். அதுங்களுக்கு அணைஞ்சி போயிருக்கும்" என்பாள். இப்போது அந்த டியூப் வருவதே அருகிவிட்டது, எல்லாம் எல்இடி. தேடித் தரச் சொல்லி மூன்று தடவை கடைக்கு வந்தாள். மூன்று தடவையும் "அடுத்த வாரம் பாத்துருவோம் தங்கச்சி" என்றேன். மொத்த வியாபாரிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. பண்டிகை சீசன், சோம்பல், என்னவோ. மூன்றாம் தடவை வந்தபோது அவள் முகம் வெளிறிப்போய் இருந்தது. அதையும் நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த டியூபைப் பார்த்தேன். தேதி ஒன்றரை வருஷம் பழையது. எனக்குத் தாங்கவில்லை. அன்றே இருப்பதில் பெரிய நீல எல்இடி பட்டையை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் ஜாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன், பற்றி எரிந்தது. முழு வெளிச்சத்தில் வைத்தேன். தொட்டி முழுக்கப் பச்சை. தாஸ் அன்றுதான் முதல்முறையாக அழுதான். "இந்த வூட்ல அவ கை வச்சதுல இது ஒன்னுதான் அண்ணாச்சி மூச்சு வுட்டுகினு கீது" என்றான். செத்தவளுக்கு ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாளில் பொத்தான்கள் மூடிக்கொண்டன. ஒரு வாரத்தில் வெளுத்தன. பிறகு கரைந்து பாறையிலிருந்து உரிந்து விழுந்தன. தாஸ் தினமும் தான் ஓட்டுகிற டிரெய்லர் லாரியை விட்டுவிட்டு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தான். "ஏன் அண்ணாச்சி தொறக்க மாட்டேங்குது?" என்று கேட்டான். எனக்குத் தெரியும். மேரி எத்தனையோ தடவை சொன்னதுதான்: "பட்டினி கெடந்தவனுக்கு ஒரே வாட்டியா பிரியாணி போட்டா தாங்குவானா? கொஞ்ச கொஞ்சமாத்தான் குடுக்கணும்." அதைக் கேட்ட காது எனக்கு எங்கே போயிற்று? அவள் இருந்தபோது அசையாத கை, அவள் போன பிறகு அவசரப்பட்டது. அவள் வளர்த்ததை நானே கொன்றேன். இதற்கு வேறு பெயர் கிடையாது.

போன வாரம் தாஸிடம் சொல்லிவிட்டேன். "நான்தான்டே தாஸு. டியூபை வாங்கித் தராம விட்டதும் நான்தான், லைட்டை ஏத்தி வச்சதும் நான்தான்." அடிப்பான் என்று நினைத்தேன். அவன் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தான். நடுப்பக்கத்தில் மேரியின் கையெழுத்து: 'புது லைட்டு வந்தா கொசுவலை நாலு மடிப்பு தொட்டி மேல போடு. வாரத்துக்கு ஒரு மடிப்பு எடு.' தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்காண்டி எழுதி வச்சிருக்கா அண்ணாச்சி. செத்த அன்னிக்கே கைல கெடச்சிது. அவ கையெழுத்தப் பாக்க முடில, அதுங்க உரிஞ்சி வுழுந்த அப்பாலதான் தொறந்தேன்." அவளுக்குத் தன் உடம்பு தெரிந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்தத் தொட்டி முன்னால் பைத்தியக்காரர்களைப் போல அழுதோம்.

பாறையின் அடியில், நிழல் விழுகிற இடத்தில், ஒரே ஒரு பொத்தான் மிச்சம் இருக்கிறது. விரல் நகம் அளவு. மூடித்தான் இருக்கிறது, ஆனால் வெளுக்கவில்லை. அன்றே கொசுவலையை நாலாக மடித்து விளக்கின் கீழே கட்டினோம். தினமும் ஆறரைக்கு நான் போகிறேன். நேற்றும் திறக்கவில்லை. திறக்கும் என்று சொல்ல என்னிடம் ஒரு நம்பிக்கையும் இல்லை.

பச்சை ஜாக்கெட்டை தாஸ் என்னிடம் கொடுத்துவிட்டான். கடையில் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. யாராவது நீல விளக்கு கேட்டால் அதைப் பிடித்துப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவளிடம் மூன்று தடவை சொன்ன ஒரு சொல்லும். வலையில் முதல் மடிப்பை எடுக்க வேண்டியது நாளை, பூசை முடிந்து. நாளைக்கே எடுத்துவிடுவேன், தங்கச்சி. அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டேன்.