ராஜாளியைத் தேடி, வாப்பாவைத் தேடி

2004-ஆம் வருடம், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம். அப்போது நானும் வாப்பாவும் அமீரகத்தின் அஜ்மானில் இருந்தோம். உம்மா ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார். வாப்பாவும் கடையை ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் நிரந்தரமாகக் கிளம்புவதாக ஏற்பாடு. நான் ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில், தொழிற்சாலைகளின் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலையில் இருந்தேன்.

வாப்பாவின் கடையில் கயிறு, தார்ப்பாய், கூடாரம், கேஸ் விளக்கு எல்லாம் கிடைக்கும். குளிர்காலம் வந்தால் பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போகும் அரபுக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். ஆனால் வாப்பா ஒரு வேட்டையையும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகூட மாலையில் கடை திறக்கிறவர் அவர். ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட பழைய வாடிக்கையாளர் ஒருவர், "இவ்வளவு வருஷம் எங்களுக்குக் கயிறு விற்றாய், ஒருநாள் வந்து பார்" என்று அழைத்தார். அவர் ராஜாளிகளைப் பழக்குகிறவர். விருந்தினர்களை அழைத்துப் போய் வேட்டை காட்டுவதும் அவர் தொழில். காட்டுப் பறவைகளை வேட்டையாடத் தடை இருந்ததால், பண்ணையில் வளர்த்த, கானமயில் இனத்தைச் சேர்ந்த ஹுபாரா பறவைகளைத் திறந்துவிட்டு, அவற்றின் மேல் ராஜாளியை ஏவுவார்கள்.

"நீயும் வா புள்ள. தனியாப் போனா உங்க உம்மா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிப்புடுவா" என்றார் வாப்பா.

காரணம், அவருக்கு இருந்த சர்க்கரை. உம்மா விமானம் ஏறும்போது அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். நானும் அதை ஒரு டியூட்டியாகவே பார்த்தேன். ரமலானுக்காக மாற்றித் தந்த மாத்திரைகளை டாக்டர் நிறுத்தி, பழையபடி காலை மாத்திரைக்குத் திரும்பச் சொல்லியிருந்தார். இனி வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். பயணத்துக்கு முந்தைய நாள் நானே பையை அடுக்கினேன். தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பொருள்கள், டார்ச், கூடுதல் பேட்டரி. வாப்பா ஓரமாகச் செருகி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் மிட்டாய்களையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் பார்த்தார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் குளித்துத் தயாராக இருந்தார். சாப்பிட்டாயிற்று, மாத்திரையும் போட்டாயிற்று என்றார். சிங்க்கில் கழுவிய தட்டு இருந்தது. எனக்கு நிம்மதி.

அல் ஐனைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனோம். தார்ச்சாலை முடிந்து, மணலில் பழைய டயர் தடங்களும் மறைந்து, கைப்பேசியில் சிக்னலும் போன பிறகுதான் கூடாரங்கள் தெரிந்தன. அங்கே ஆண்களுக்கு ஒரு கூடாரம், பெண்களுக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. வந்திருந்த பெண் நான் ஒருத்திதான். எனக்கு ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் தனியாக வந்தது. வாப்பா அந்தப் பக்கம் அவர்களோடு சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் வண்டியருகே, எங்கள் வழிகாட்டியான அந்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் காவா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். வாப்பா காவா வேண்டாம் என்றார். பழங்களை மட்டும் வாங்கி, டிஷ்யூ தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் பார்க்கிறேன் என்பதால் சாப்பிடாமல் இருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து, வழிகாட்டியையும் சேர்த்து நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் புறப்பட்டோம். மணலில் ஓட எடை குறைவாக இருக்க வேண்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியையும் பைகளையும் கூடாரத்திலேயே இறக்கிவிட்டார் வழிகாட்டி. தண்ணீர் மட்டும் இருந்தது. ராஜாளியின் வாலில் விரல் நுனி அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அதன் சிக்னலைப் பிடிக்க ஒரு ஆன்டெனாவும் கைப்பெட்டியும். என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அவர், பெட்டியை என் மடியில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். வேட்டையின் ஒரு முறையையும் சொன்னார். ராஜாளி இரையோடு இறங்கிவிட்டால், முதலில் போய்ச் சேருகிறவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நரி வந்து ராஜாளியையே கொண்டு போய்விடும்.

ஒரு ஹுபாராவைத் திறந்துவிட்டு ராஜாளியின் முகமூடியைக் கழற்றியதும் அது பறந்த வேகத்தை என்னால் கண்ணால் பின்தொடர முடியவில்லை. இரண்டு பறவைகளும் ஒரு மணல்மேட்டைத் தாண்டி மறைந்தன. வழிகாட்டி வண்டியை விரட்டினார். அடுத்த சரிவிலேயே பின்சக்கரங்கள் புதைந்தன. அவரும் நானும் இறங்கி டயரில் காற்றைக் குறைத்து, கையால் மணலை வாரிக்கொண்டிருந்தோம். "அந்த மேட்டுக்குப் பின்னாலதான் எறங்குச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்று வாப்பா சொன்னது காதில் விழுந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நில்லுங்க வாப்பா, சேர்ந்து போகலாம் என்றேன்.

வண்டி மேலேறியபோது அவர் அங்கே இல்லை.

முதலில் நான் பயப்படவில்லை. மேட்டின் உச்சிக்கு ஏறிக் கூப்பிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மேடுகள். அவருடைய காலடிகள் மேற்கே இறங்கின. கொஞ்ச தூரத்தில், காற்று வீசும் பக்கத்தில், தடமே இல்லாமல் போயின. மீண்டும் கூப்பிட்டேன். குரல் பக்கத்து மேட்டைக்கூடத் தாண்டியிருக்காது. அப்போதுதான் பயந்துபோய் வண்டிக்குத் திரும்பி ஓடினேன்.

"பறவையைத் தேடு. சதீக் அங்கேதான் இருப்பான்" என்றார் வழிகாட்டி. வாப்பாவை எப்போதும் 'நண்பன்' என்ற பொருளில் சதீக் என்றுதான் அழைப்பார்.

ஆன்டெனாவை நான்கு பக்கமும் திருப்பினேன். பெட்டியின் பீப் சத்தம் தெற்கே திருப்பியபோதுதான் பலமாகக் கேட்டது. காலடியோ மேற்கே போயிருந்தது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில், இது சரியாகத்தான் காட்டியது. ஆனால் அந்தக் கருவி வாப்பாவைத் தேடவில்லை, ராஜாளியைத் தேடியது. அவர் அதனிடம் போய்ச் சேராமல் வழிதவறியிருந்தால், நாங்கள் போகப் போக அவரிடமிருந்து விலகிக்கொண்டிருப்போம். சூரியனும் சாய்ந்துகொண்டிருந்தது. செங்குத்தான சரிவில் இறங்க முடியாமல் மேற்கே சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பியிருப்பார் என்று ஒரு ஊகம். அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. "தெற்கே போங்க" என்றேன்.

வண்டி ஒவ்வொரு உச்சியாக ஏறி நிற்கும். நான் ஆன்டெனாவை வெளியே நீட்டுவேன். பள்ளத்தில் சத்தம் செத்துவிடும், உச்சியில் உயிர் வரும். நெருங்க நெருங்க எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பலமாகக் கேட்டது. உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் திசை தெரியும்.

ஒரு பள்ளத்தில் ராஜாளி சிறகை விரித்து இரையை மறைத்தபடி நின்றது. அதிலிருந்து இரண்டடி தள்ளி வாப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். குளிர்காற்று வீசிக்கொண்டிருக்க, அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "கடையப் பூட்டிட்டியாம்மா?" என்றார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் மதியம் சாப்பிட்டவருக்கு ஏன் இறங்க வேண்டும் என்பது புரியவில்லை. என்ன சாப்பிட்டீங்க என்று உலுக்கிக் கேட்டேன். பின்னாலிருந்து வழிகாட்டிதான் பதில் சொன்னார். "நோன்பு அல்லவா? உனக்குத் தெரியாதா?"

பெருநாள் முடிந்த மாதத்தில் விருப்பப்பட்டவர்கள் ஆறு நாள் நோன்பு வைப்பது எங்கள் வழக்கம். ஆறு நோன்பு என்போம். வாப்பா விடியலுக்கு முன்பே எழுந்து சாப்பிட்டு, அப்போதே மாத்திரையும் போட்டிருக்கிறார். கூடாரத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

வண்டியைக் குடைந்தேன். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அலமாரியில் பூட்டி வைத்த பிஸ்கட் பாக்கெட்டின் நிறம்கூட என் கண்ணில் வந்து நின்றது. கூடாரத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மார்பைத் தட்டிக் காட்டி, "பழம்" என்றார்.

வாப்பாவின் சட்டைப்பையில் டிஷ்யூ தாள் அப்படியே இருந்தது. உள்ளே மூன்று பேரீச்சம்பழங்கள். நோன்பு திறப்பதற்காக எடுத்து வைத்தவை.

ஒன்றைப் பிய்த்து வாயருகே கொண்டு போனேன். அந்த நிலையிலும் அவர் முகத்தைத் திருப்பினார். "பாங்கு சொல்லட்டும் புள்ள."

"இங்க யாரு வாப்பா பாங்கு சொல்லப் போறா?"

"பொழுது இருக்கு."

உண்மைதான். சூரியன் மேட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறைந்துவிட்டது என்று பொய் சொல்ல நினைத்தேன். அவர் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி மண்டியிட்டு, "சதீக், கலாஸ், போதும். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். திற" என்றார். வாப்பாவுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. கண்கள் சொருகத் தொடங்கின.

விழுங்க முடியாமல் போவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, கொட்டையை எடுத்த பழத்தை விரலால் நசுக்கி அவர் வாய்க்குள் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு மெல்லத் தொடங்கினார். வழிகாட்டி எழுந்து, எங்களுக்கு முதுகு காட்டியபடி, ராஜாளிக்கு இறைச்சி காட்டிக் கையில் ஏற்றுவதில் முனைந்துவிட்டார்.

மூன்றாவது பழத்தை அவரே கையில் வாங்கிக்கொண்டார். நடுக்கம் அடங்க நேரமாயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்து முதலில் அவர் கேட்டது, பறவைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான். "நரி வந்துடும்னு நகரவே இல்ல நான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே, "சொன்னா விடுவியா?" என்றார்.

கூடாரத்தில் அவரைச் சாப்பிடவைத்து, அல் ஐனில் மருத்துவமனையில் காட்டிவிட்டு வீடு திரும்பினோம். வழியெல்லாம் நான் திட்ட வேண்டியவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். அஜ்மான் வந்து சேரும்வரை அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மிச்ச நோன்பைப் பற்றி டாக்டரிடம் இருவருமாகப் போய்க் கேட்டோம். இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் மாத்திரையை மாற்றிக்கொண்டு பார்க்கலாம் என்றார் அவர். வாப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது வாப்பா ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளும் கழிந்த சில நாட்களில் போன் வரும். "டாக்டர் சரின்னுட்டாரு, நாளைக்கு நோன்பு வைக்கப் போறேம்மா" என்பார். எனக்குக் கவலையாகத்தான் இருக்கும், அன்று முழுக்க வேலை ஓடாது. ஆனாலும் "சரி வாப்பா" என்று மட்டும்தான் சொல்வேன், ஏனென்றால் அவர் என்னிடம் மறைக்கத் தேவையில்லாமல் இருக்கும்வரைதான் அவரை என்னால் பார்த்துக்கொள்ள முடியும்.