வளைவுக்கு வளைவு நிற்கும் கண்ணாயிரம்

இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்த பிறகுதான் கண்ணாயிரம் பின்கதவைத் திறப்பார். "எறங்குங்க சார். இங்கேருந்து பாக்கலைன்னா மலைக்கு வந்தும் வராத கணக்குதான்."

காவலூர் வானாராய்ச்சி நிலையத்துக்கு நேரமாகிறது என்பார்கள் சவாரி வந்தவர்கள். பீமன் அருவியில் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பார்கள். அவர் காதில் எதுவும் விழாது. "வெறும் பள்ளம்தானேப்பா" என்று சலித்துக்கொண்ட ஒரு பெரியவரிடம், "பள்ளம்தாங்க. அது எம்மாம் பெருசுன்னு பாருங்க" என்றார். பெரியவர் இறங்கிப் பார்த்தார். திரும்ப வண்டியில் ஏற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற கறுப்பு அம்பாசடர் அவருடையது. அண்ணாமலையைக் காரில் சுற்றிவர வேண்டும் என்று யாராவது வந்தால் சவாரியைக் கலைத்துவிடுவார். "அது நடந்து சுத்தற மலைங்க. கார்ல போனா சாமி கோச்சிக்கும்." போளூர் தாண்டி ஜவ்வாது மலைக்கு என்று சொல்லிப் பாருங்கள், பீடியை அணைத்துவிட்டு எழுந்து வருவார். அந்தச் சாலையின் வளைவுகளுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். மாமியார் வளைவு, முகத்தைக் காட்டாமல் திடீரென்று எதிரே வந்து நிற்கும். தாசில்தார் வளைவு, எவ்வளவு பணிந்து போனாலும் சுலபத்தில் வழிவிடாது.

வண்டியைத் தனியாக விட்டுப் போகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. டீக்கடை பத்தடி தூரத்தில் இருந்தாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்து பானெட்டில் சாய்ந்துதான் குடிப்பார்.

ஊரையெல்லாம் மலையேற்றிய இந்த மனிதருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தோல்வி உண்டு. மனைவி ரேணுகாம்பாளை மட்டும் காரில் ஏற்ற முடியவில்லை. கல்யாணமான புதிதில் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். மயக்கமும் வாந்தியுமாகப் பாதி வழியில் இறங்கியவள் மிச்சத்தை நடந்தே தீர்த்தாள். அடி அண்ணாமலையில் வயல்வேலை செய்து வளர்ந்த கால்கள். "எனக்கு ரெண்டு காலு கீதே, அது போதும்" என்பாள்.

மகள் சந்திரகலா ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். உடன் வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மருமகன் சொல்லியனுப்பினார்: குழந்தை சோர்ந்து கிடக்கிறது, தாய் சாப்பிடாமல் அம்மாவையே கேட்கிறாள்.

ரேணுகாம்பாள் தானாகவே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி மலையடிவாரம் வரை தாக்குப்பிடித்தாள். முதல் வளைவிலேயே முடியவில்லை. இறங்கிவிட்டாள்.

மலைக்காரர்கள் புளியும் சாமையும் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற ஒற்றையடிப் பாதை ஒன்று, சாலையை வளைவுக்கு வளைவு குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறினாள். கண்ணாயிரம் சாலையில் போய் அடுத்த வளைவில் காத்திருந்தார். புதரை விலக்கிக்கொண்டு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"முடியுதா மே?"

"நீ போய்யா. எனக்கு மேல உன் வண்டிக்குத்தான் மூச்சு வாங்குது."

இப்படியே அவர் சுற்றிக்கொண்டும் அவள் குறுக்கேயுமாக ஏறினார்கள். தாசில்தார் வளைவில் அவர் நின்றபோது பனிமூட்டம் இறங்கியது. அவள் வரவில்லை. ஹாரன் அடித்தார். பதில் இல்லை. கீழேயிருந்து வந்த ஜீப்பை நிறுத்திக் கேட்டார். யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். கதவு திறந்தது திறந்தபடி இருக்க, கண்ணாயிரம் பாதையில் இறங்கினார். பெடலுக்குப் பழகிய கால்கள் ஈரக்கல்லில் வழுக்கின. ஒருமுறை உட்கார்ந்தே சறுக்கினார்.

அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் படவில்லை.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மேல போனா இன்னா சேதி சொல்லுவாங்களோ. அத்த நெனச்சா காலு எழும்ப மாட்டுது."

பனி கொஞ்சம் விலகியிருந்தது. சமவெளி முழுவதும் தெரிந்தது. ஏரிகள், அவற்றுக்கப்பால் கையளவு அண்ணாமலை. வேறு யாராக இருந்தாலும் பிடித்து நிறுத்திக் காட்டியிருப்பார். அன்று அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றார். "சேந்தே போய்க் கேப்போம்."

அவள் எழுந்தாள். மேலே சாலையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, டிக்கியிலிருந்து மகளுக்கான மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மிச்சப் பாதையை அவரும் அவளோடு நடந்தே ஏறினார்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஓட்டு வீட்டை நெருங்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டது. மெலிந்த குரல்தான். ரேணுகாம்பாள் அதைக் கேட்டதும் ஓடினாள். குழந்தையை மடியில் போட்டு, உடம்பு சூட்டிலேயே வைத்துக் காத்தாள். மகளுக்கு ஊட்டிவிட்டாள். கார்த்திகை பிறப்பதற்குள் பிள்ளை பாலை இழுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அழைத்துவந்த அன்று மழை விட்டிருந்தது. சந்திரகலா பின்சீட்டில். ரேணுகாம்பாள் பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தார்ச்சாலையில் முன்னால் நடந்தாள். கண்ணாயிரம் முதல் கியரில், அவள் அடிக்கு அடி, பின்னாலேயே உருட்டிக்கொண்டு இறங்கினார். விறகு லாரி ஒன்று வந்து பின்னால் நின்று ஓயாமல் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தார், தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.