ஏணைக்குப் பக்கத்து மேசை

மகப்பேறு விடுப்பு முடிந்த கையோடு கம்பெனியிலிருந்து கொரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு காலி லேப்டாப், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு கேபிள், ஒரு மெமரி கார்டு. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான்: திங்கட்கிழமை மீட்டிங்கில் அந்த போர்டில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதைக் காட்டிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். அவளை விட்டுவிட்டு நான் எந்த சென்னைக்குப் போவது?

சோரியாங்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கணவருக்குக் கடலூரில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போவார். அம்மாவும் வேலைக்குப் போகிறவள்தான். பாதி ஆயுள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு, இப்போதுதான் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருந்தாள். தலைக்குத் தொப்பி, ஏசி அறை, உட்கார நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றி அவள் பேசாத நாளில்லை. என் பிரசவத்துக்கு எடுத்த லீவு நீண்டுகொண்டே போனது. சூப்பர்வைசர் மேடம் போன் செய்யும்போதெல்லாம், அடுத்த வாரம் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிற குரலில் சொல்வாள். வீட்டிலேயே வேலை என்று ஆகிவிட்டால் பிள்ளையை ஏணையில் போட்டு நானே பார்த்துக்கொள்வேன், நீ போ என்று நான் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

லேப்டாப்பின் பிராசசர் ஒரு ஜாதி, போர்டில் இருப்பது வேறு ஜாதி. இதில் ஓடுவது அதில் ஓடாது. அதனால் போர்டுக்கு வேண்டிய லினக்ஸ் முழுவதையும் லேப்டாப்பில் உட்கார்ந்து மூலத்திலிருந்து உருவாக்க வேண்டும். அதற்கு முதலில், எழுதிய நிரலை அந்த போர்டுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற ஒரு கம்பைலர் தயாராக வேண்டும். பிறகு மென்பொருள்கள் இன்டர்நெட்டிலிருந்து ஒவ்வொரு பொட்டலமாக இறங்கி, ஒவ்வொன்றாகக் கம்பைல் ஆகும். இந்த மொத்த ஓட்டத்துக்கும் பில்ட் என்று பெயர். கட்டளையைத் தட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் காத்திருப்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அத்தை அப்படித்தான் சொன்னார்.

கூடத்தில் சீலிங் ஃபேன் கொக்கியில் இப்போது சேலையில் கட்டிய ஏணை தொங்கியது. கழற்றிய ஃபேன் பரண் மேல் கிடந்தது. இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன், அது பிள்ளைக்கு. மே மாத வெயிலில் நானும் லேப்டாப்பும் வெந்தோம். ஏணைக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்வேன். கால் நின்றால் அவள் சிணுங்குவாள், கை நின்றால் மேனேஜர் சிணுங்குவார்.

தினமும் காலையில் அம்மா பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணி போட்டு முடியைக் காய வைத்து ஏணையில் போடுவாள். பிள்ளை அடித்துப் போட்டாற்போல் தூங்கும். அதுதான் எனக்குக் கிடைக்கிற நேரம். பில்டைத் தட்டிவிட்டுக் குளித்து, நாலு வாய் சாப்பிட்டு, உள்ளே போய்க் கட்டையைச் சாய்ப்பேன். எழுந்து வந்தால் லேப்டாப் அணைந்து கிடக்கும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி ஆன் செய்தால் ஏதோ ஒரு பொட்டலத்தில் பிழை. அதை அழித்துவிட்டு ஆரம்பித்தால் மறுநாள் வேறொன்றில் பிழை. ஒரே பிழை திரும்ப வந்தாலாவது பிடித்துவிடலாம். நாளுக்கொரு இடத்தில் விழுகிற பிழையை எங்கே போய்த் தேடுவது? லேப்டாப்பின் லினக்ஸையே வேறு பதிப்புக்கு மாற்றிப் பார்த்தேன். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்டர்நெட்டுக்கு ஜன்னலில் வைத்த போன்தான். டேட்டா தீர்ந்து, மறுபடி ரீசார்ஜ் செய்து, மறுபடி அதே பொட்டலங்களை இறக்கி, சீ என்று போய்விட்டது. ஏழு மாதத்தில் மூளை மழுங்கிவிட்டது, இனி இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று நிஜமாகவே நினைத்தேன்.

சனிக்கிழமை தூக்கம் வரவில்லை. படுத்த வேகத்தில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். பிள்ளையைத் தூங்கப் போட்ட அம்மா மிச்சத் தணலை வீடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தாள்; ஒரே சாம்பிராணிப் புகை. மேசை மேல் லேப்டாப்பைக் காணோம். அந்த இடத்தில் டர்க்கி டவல் ஒன்று நன்றாகப் போர்த்திக் கிடந்தது. உருவினேன். அனல் அடித்தது. உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்ப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

எல்லாம் விளங்கிவிட்டது. பில்ட் ஓடும்போது லேப்டாப் கொதிக்கும். மூச்சு விட வழியில்லாமல் மூடினால், சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்ளும். அணைகிற நிமிடத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். பிறகு நான் தேடியதெல்லாம் அந்தப் பாதிக் கோப்புகளின் பிழைகளைத்தான். பிள்ளை எழுந்ததும் அம்மா அதே டவலை உருவி அவளைச் சுற்றித் தூக்கிக்கொள்வாள். அதனால்தான் ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

கத்தினேன். பிள்ளை விழித்து அழுதது. அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அம்மா சாம்பிராணித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நீதானேடி சொன்ன, அந்தப் பொட்டிக்கு இன்னாவாச்சும் ஆனா வேல போயிடும்னு. பொக உள்ள பூந்துடப் போவுதுன்னு மூடி வச்சேன்."

அதற்கு மேல் என்னத்தைக் கத்துவது. தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். அம்மா தட்டைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து டேபிள் ஃபேனைத் தூக்கி லேப்டாப்புக்கு நேராகத் திருப்பினாள். ஒரு காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு விசிறத் தொடங்கினாள். அன்று பகல் முழுக்க விசிறினாள். கையை மாற்றி மாற்றி விசிறினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

பில்ட் பிழையில்லாமல் முடிந்தது. கார்டில் எழுதி போர்டில் செருகி, கேபிளை லேப்டாப்பில் மாட்டிவிட்டுப் பார்த்தால் திரையில் வரிகள் ஓடி, கடைசியில் லாகின் கேட்டு நின்றது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதையே காட்டினேன். மேனேஜர் முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. சரி, பிராஜெக்ட் முடிய ஒரு வருஷம் ஆகும், அதுவரை வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இனிமேல் நீ வேலைக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவள் பிள்ளைக்குச் சோறு மசித்து ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இந்த முறை குரலில் கெஞ்சல் இல்லை.

"இல்ல மேடம், நான் வர்ல. என் எடத்துல வேற ஆள போட்டுக்கங்க."

ஏன் அப்படிச் சொன்னாய், நான் சமாளிக்கிறேன் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன்.

"கால்ல ஒரு கவுறு, கையில ஒரு பொட்டி. ஒரு வருசத்துக்கு நீ சமாளிப்பியா? பாத்துக்கினுதானே இருந்தேன்," என்றாள்.

அவள் சொன்னது சரி. சரி என்பதுதான் தாங்கவில்லை. வேலை போய்விடும், வேலை போய்விடும் என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பியவள் நான்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "அந்த மேடம் நம்பர எடுத்துடு. தெரியாம அமுத்திடப் போறேன்."

நான் அதை அழிக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.